யார் கேட்பது? – மார்பகப் புற்றுநோயும் மருத்துவ ஆய்வில் சேரும் வழியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் காட்டிய படங்களும் இறுதியில் நடந்த கேள்வி நேரமும் இங்கு விடப்பட்டுள்ளன.)



புற்றுநோயைப் பற்றிப் பேசப் புள்ளியியல் வாத்தியாரை எதற்கு அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். எனக்கு இருக்கும் ஒரே தகுதி, மருத்துவமனை ஒன்றின் நெறிமுறைக் குழுவில் மருத்துவரல்லாத உறுப்பினராக இருப்பது. புதிய மருந்தையோ அறுவை முறையையோ நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கும் மருத்துவர், அந்தக் குழுவின் இசைவு இல்லாமல் முதல் நோயாளியைக்கூடச் சேர்க்க முடியாது. விதிப்படி குழுவில் ஏழு பேராவது இருக்க வேண்டும். பாதிப் பேர் வெளியாட்கள், தலைவரும் வெளியாள். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பொதுமக்கள் சார்பில் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம் உண்டு. என் பங்குக்கு இரண்டு காகிதங்கள் வரும். எத்தனை பேர் சேர்ந்தால் விடை கிடைக்கும் என்ற கணக்கு ஒன்று; தமிழில் எழுதிய ஒப்புதல் படிவம் இன்னொன்று. கணக்கைச் சரிபார்க்க அரை மணி நேரம் போதும். படிவம்தான் பாடாய்ப் படுத்தும்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்தது, சுமார் 98,000 பேர் இறந்தார்கள் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. இவர்களில் மிகச் சிலரே ஏதாவதொரு ஆய்வில் சேர்கிறார்கள். ஏன் என்று கேட்டால், நம் பெண்களுக்குப் பயம், படிப்பில்லை, 'எங்களைச் சோதனை எலியாக்காதீங்க' என்கிறார்கள் என்று பதில் வரும். கருத்தரங்குகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. நோயாளி மறுப்பது சிறிய தடை. அவரிடம் யாருமே கேட்காததுதான் பெரிய தடை. கேட்காததற்குக் காரணம், 'இந்த இரண்டு வைத்தியத்தில் எது மேல் என்று எங்களுக்கே இன்னும் தெரியாதம்மா' என்று சொல்ல மருத்துவம் கூசுவதுதான். இன்று நான் சொல்லவந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான சான்று.

எண்ணில் இருந்து தொடங்குகிறேன், பழக்க தோஷம். அமெரிக்காவில் ஜோசப் அங்கரும் உடன் ஆய்வாளர்களும் இரண்டு தொகுப்பாய்வுகள் செய்தார்கள். 2019இல் வந்த முதலாவதில், புற்றுநோயாளிகளில் 55 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு அவர்கள் போன மருத்துவமனையில் பொருத்தமான ஆய்வே இல்லை. இன்னும் 21 விழுக்காட்டினர் தகுதி விதிகளால் கழிந்துபோனார்கள். கடைசியில் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். 2021இல் வந்த இரண்டாவது, ஆய்வில் சேர்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்கப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. 9,759 பேர். அவர்களில் 55 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். கேட்டால் பாதிப் பேருக்கு மேல் சரி என்கிறார்கள். இது அமெரிக்கக் கணக்குதான். ஆனால் 'நோயாளி மறுக்கிறார்' என்று நம் ஊரில் சொல்பவர்கள் எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேட்க எனக்கு இது போதும்.

1. எழுபது ஆண்டு அறுவை

அமெரிக்க அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டட் தாம் அறுவை செய்த 50 பெண்களின் விவரத்தை 1894இல் வெளியிட்டார். மார்பகம், அதன் அடியில் உள்ள நெஞ்சுத் தசைகள், அக்குள் நெறிக்கட்டிகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுப்பது அவர் முறை. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே வேதமாக இருந்தது. அந்த அறுவைக்குப் பிறகு நெஞ்சுக்கூடு குழி விழுந்துவிடும், கை வீங்கும், தோளைத் தூக்க முடியாது. அவ்வளவு எடுக்க வேண்டுமா என்று ஒப்பிட்டுப் பார்க்காமலே தலைமுறை தலைமுறையாக எடுத்தார்கள்.

பிட்ஸ்பர்க்கில் இருந்த பெர்னார்ட் ஃபிஷர் அதைக் கேள்வி கேட்டார். 1971இல் தொடங்கிய அவருடைய முதல் பெரிய ஆய்வு, தசையை எடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது. 1976இல் தொடங்கிய அடுத்த ஆய்வுக்கு பி-06 என்று பெயர். நான்கு சென்டிமீட்டர் வரையிலான கட்டி உள்ள பெண்களை மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு மார்பகம் முழுவதும் எடுக்கப்படும். ஒரு பிரிவுக்குக் கட்டி மட்டும். மூன்றாவது பிரிவுக்குக் கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சும் தரப்படும். கதிர்வீச்சை நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவரும் தீர்மானிப்பதில்லை, நோயாளியும் தீர்மானிப்பதில்லை. குலுக்கல்தான்.

ஆய்வு ஆமை வேகத்தில் நகர்ந்தது. நோயாளிகள் வரவில்லை. பெண்கள் மறுத்தார்களா? கேத்ரின் டெய்லரும் சக ஆய்வாளர்களும் இதை விசாரித்து 1984இல் வெளியிட்டார்கள். அவர்கள் கேட்டது நோயாளிகளை அல்ல. தகுதியான நோயாளிகள் இருந்தும் எல்லோரையும் சேர்க்காத அறுவை மருத்துவர்களை. 73 விழுக்காட்டினர், குலுக்கல் என்று சொன்னால் நோயாளிக்கும் தமக்கும் உள்ள உறவு கெடும் என்றார்கள். 38 விழுக்காட்டினருக்கு ஒப்புதல் வாங்குவது கடினமாக இருந்தது. 22 விழுக்காட்டினர், நிச்சயமில்லாததை நோயாளியிடம் திறந்து பேசப் பிடிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். இப்படி ஒத்துக்கொண்ட மருத்துவர்களை நான் மதிக்கிறேன்.

நம் ஊரில் இது இன்னும் சிக்கல். வெளிநோயாளிப் பிரிவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரு வாக்கியம் காதில் விழாமல் போகாது: 'உங்க வீட்டுப் பொண்ணுக்குன்னா என்ன செய்வீங்களோ, அதைச் செய்யுங்க டாக்டர்.' அது நம்பிக்கையின் உச்சம். அதைக் கேட்டபின் 'எனக்கும் தெரியாது, கம்ப்யூட்டர் சொல்லும்' என்று எப்படிச் சொல்வது? ஆனால் தெரியாத இடத்தில் சரியான பதில் அதுதான். தம் வீட்டுப் பெண்ணாகவே இருந்தாலும் அவருக்கும் தெரியாதே.

பி-06இன் நெருக்கடியைத் தீர்க்க ஃபிஷர் குழு ஒரு குறுக்குவழி கண்டது. முதலில் குலுக்கிவிட்டு, எந்தப் பிரிவு விழுந்தது என்று சொல்லி, அதன்பின் சம்மதம் கேட்பது. மருத்துவருக்குக் கூச்சம் குறைந்தது. ஆள் சேர்க்கை ஆறு மடங்கானது. நெறிமுறை நோக்கில் எனக்கு இது உவப்பில்லை. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவரின் குரலில் ஒரு சாய்வு வந்துவிடும். இன்று எங்கள் குழுவுக்கு அப்படி ஒரு திட்டம் வந்தால் நான் கையைத் தூக்கி ஆட்சேபிப்பேன். ஆனால் அந்த ஆறு மடங்கு ஒன்றை நிரூபித்தது: முன்னும் பின்னும் அதே பெண்கள்தான், மாறியது மருத்துவரின் சங்கடம்.

2002இல் 1,851 பெண்களின் 20 ஆண்டு முடிவு வந்தது. முழு மார்பகத்தையும் எடுத்தவர்களில் உயிரோடு இருந்தவர்கள் 47 விழுக்காடு. மற்ற இரு பிரிவுகளிலும் 46. கதிர்வீச்சு பெறாதவர்களில் 39 விழுக்காட்டினருக்கு அதே மார்பில் கட்டி திரும்ப வந்தது. பெற்றவர்களில் 14 விழுக்காட்டினருக்கு மட்டும். மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி 701 பெண்களிடம் செய்த ஆய்வின் 20 ஆண்டு முடிவும் அதே இதழில் வந்து அதையே சொன்னது. இன்று அடையாற்றிலோ வேலூரிலோ ஒரு பெண்ணிடம் 'கட்டியை மட்டும் எடுத்தால் போதும்மா, அப்புறம் கரண்ட் வைப்போம்' என்று மருத்துவர் உறுதியாகச் சொல்கிறார் என்றால், குலுக்கலுக்குச் சம்மதித்த அந்தப் பெண்களால்தான் சொல்கிறார்.

2. தெரியும் என்று சொன்னபோது நடந்தது

இதற்கு எதிர்க்கதை 1990களின் எலும்பு மஜ்ஜை மாற்று. நோய் பரவிவிட்ட பெண்களுக்குக் கீமோவை வழக்கத்தைவிடப் பல மடங்கு அளவில் கொடுப்பது. அதில் மஜ்ஜை அழிந்துவிடும் என்பதால், முன்பே எடுத்துச் சேமித்த அவரவர் மஜ்ஜையையோ குருத்தணுக்களையோ திருப்பிச் செலுத்துவது. முதலில் வந்த முடிவுகள் பிரமாதமாகத் தெரிந்தன. ஆனால் அந்தக் கடும் வைத்தியத்தைத் தாங்குவார்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இளையவர்கள், மற்றபடி திடமானவர்கள். எந்த வைத்தியம் கொடுத்திருந்தாலும் கொஞ்சம் கூடுதல் நாள் இருந்திருப்பார்கள். ஒப்பிட மறுபக்கம் இல்லாததால் இது கண்ணில் படவில்லை.

காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. கலிபோர்னியாவில் நெலீன் ஃபாக்ஸ் என்ற பெண்ணின் வழக்கில் 1993இல் ஜூரிகள் 8.9 கோடி டாலர் தீர்ப்பளித்தார்கள். அதன்பின் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கத் தொடங்கியது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இதைச் செய்துகொண்டார்கள் என்பது மதிப்பீடு. ஒப்பீட்டு ஆய்வில் சேர்ந்தவர்களோ சுமார் ஆயிரம் பேர். பணம் கட்டினால் நேரே கிடைப்பதற்கு யார் குலுக்கலில் நிற்பார்கள்? அப்படி ஒப்பிட்டுப் பார்த்த ஃபிலடெல்ஃபியா குழுவின் ஆய்வுக்கு 199 பேரைப் பிரிவுகளில் சேர்க்க ஏழு ஆண்டுகள் ஆயின. நாட்டில் வாரந்தோறும் அதே வைத்தியம் மருத்துவமனை மருத்துவமனையாக நடந்துகொண்டிருந்த காலம் அது.

1999இல் முடிவுகள் வந்தன. ஃபிலடெல்ஃபியா ஆய்வில் மூன்று ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் மஜ்ஜை மாற்றுப் பிரிவில் 32 விழுக்காடு, சாதாரணக் கீமோ பிரிவில் 38. வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம்; ஆனால் நன்மை இல்லை என்பது தெளிவு. பலன் உண்டு என்று அந்த ஆண்டு பெரிதாகச் சொன்ன ஒரே ஆய்வு தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடாவினுடையது. 2000இல் அமெரிக்கக் குழு நேரில் போய்ப் பதிவேடுகளைப் புரட்டியது. அது மோசடி என்று தெரிந்தது.

முப்பதாயிரம் பெண்களிடமிருந்து கற்றுக்கொள்ள முடியாததை ஆயிரம் பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த முப்பதாயிரம் பேரின் துன்பம் எந்தக் கேள்விக்கும் விடையாகவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

3. மும்பையில் கேட்ட கேள்வி

ஆய்வு என்றாலே வெளிநாட்டுக் கம்பெனியின் லட்ச ரூபாய் மருந்து என்று நினைப்பது இயல்பு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் ராஜேந்திர பட்வே குழுவினர் எடுத்துக்கொண்ட மருந்தைப் பாருங்கள்: லிடோகைன். பல் பிடுங்குமுன் மரத்துப்போகப் போடும் அதே ஊசி மருந்து. அறுவையின்போது கட்டியைச் சுற்றியுள்ள திசு கலைக்கப்படுவதாலேயே சில அணுக்கள் பரவத் தூண்டப்படுகின்றனவோ என்பது ஐயம். அப்படியானால் கட்டியை எடுப்பதற்கு ஏழு முதல் பத்து நிமிடம் முன்பு அதன் ஆறு பக்கங்களிலும் 0.5 விழுக்காடு லிடோகைனைச் செலுத்தினால்?

2011 முதல் நாட்டின் 11 மையங்களில் 1,600 பெண்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஊசியுடன் அறுவை, பாதிப் பேருக்கு ஊசியில்லாமல். 2023இல் வெளியான முடிவின்படி, ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஊசி பெற்ற பிரிவில் 90.1 விழுக்காடு, மற்றதில் 86.4. செலவு நூறு ரூபாய்க்குள். காப்புரிமை தேறாத பழைய மருந்து. எந்தக் கம்பெனியும் இதற்குக் காசு போடாது, பொதுப்பணத்தில்தான் நடந்தது. வேறிடத்திலும் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்கும் அறுவை நிபுணர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. அதற்கும் ஆய்வுதான் வழி.

அதே மருத்துவமனையின் இன்னோர் ஆய்வை நான் மாணவர்களுக்கு அதிகம் சொல்வேன், ஏனென்றால் அதன் விடை 'இல்லை'. முதன்முதலாக வரும்போதே எலும்புக்கோ ஈரலுக்கோ நோய் பரவிவிட்ட பெண்களுக்கு மார்பகக் கட்டியையும் எடுப்பதால் ஆயுள் நீளுமா என்று 350 பேரிடம் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவில் இரண்டு ஆண்டு உயிர்வாழ்வு அறுவை செய்தவர்களில் 41.9 விழுக்காடு, செய்யாதவர்களில் 43. 'கட்டியை வச்சுக்கிட்டு எப்படி சார் வீட்டுக்குப் போறது, எடுத்துடுங்க' என்று கெஞ்சும் குடும்பத்திடம், வேண்டாத அறுவையைத் தவிர்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் ஆதாரத்தோடு சொல்ல முடிவது அந்த 350 பேரால்.

4. தேடுவது எப்படி

இதுவரை கேட்க வேண்டிய மருத்துவரைப் பற்றிப் பேசினேன். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் காலம். நிறைய ஆய்வுகள் முதல் வைத்தியத்துக்கு முன்பே ஆளைச் சேர்க்கின்றன. லிடோகைன் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி உடம்பில் இருந்தால்தானே சுற்றி ஊசி போட முடியும்? நம் ஊர்களில் நடப்பது என்ன? கட்டி என்று போனவுடன் பக்கத்து நர்ஸிங் ஹோமில் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடுகிறார்கள். எடுத்த சதையைச் சில இடங்களில் டெஸ்டுக்கு அனுப்புகிறார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு வரும்போது பல கதவுகள் மூடியிருக்கும். ஆய்வுக்காக மட்டும் அல்ல, ஒழுங்கான வைத்தியத்துக்கும் ஊசிவழி எடுக்கும் சதைப் பரிசோதனைதான் முதல் படி. அந்த ரிப்போர்ட் வந்தபின்தான் கத்தி. ஏற்கெனவே அறுவை ஆகிவிட்டால், ரிப்போர்ட்டோடு நிற்காமல் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெழுகில் பதித்த அந்தச் சிறு சதைத் துண்டில்தான் பின்னால் எந்தப் புதிய சோதனையும் செய்ய முடியும். அதைக் கேட்டுப் பெறலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

அடுத்து பதிவேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 ஜூலை 20 அன்று சிடிஆர்ஐ என்ற பதிவேட்டைத் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் அதில் பதிவதைக் கட்டாயமாக்கியது. இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். ஆனால் எச்சரிக்கை: மார்பகப் புற்றுநோய் என்று தட்டினால் வந்து விழும் பட்டியலில் ஒரு பெரும் பங்கு எம்.டி., எம்.எஸ். மாணவர்களின் ஆய்வேடுகள். அறுவைக்குப் பின் வலி குறைய எந்த நரம்பில் மரப்பு ஊசி போடுவது, பிசியோதெரபி எப்போது தொடங்குவது, இப்படி. பயனுள்ளவைதான், ஆனால் நீங்கள் தேடுவது அது அல்ல. ஒவ்வொரு பதிவிலும் நான்கு இடங்களைப் பாருங்கள். ஆள் சேர்க்கை இந்தியாவில் திறந்திருக்கிறதா. எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது. சேர்க்கும் விதி என்ன, விலக்கும் விதி என்ன. பொறுப்பு மருத்துவரின் தொலைபேசி எண். எல்லோரும் பதிவைப் புதுப்பிப்பதில்லை. திறந்திருக்கிறது என்று போட்டிருந்தாலும் போன் செய்து கேட்டுவிட்டே பஸ் ஏறுங்கள்.

விதிகளைப் படிக்க உங்கள் ரிப்போர்ட்டிலிருந்து தெரிந்திருக்க வேண்டியவை சில: எத்தனையாவது நிலை, ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற மூன்று சோதனைகளும் பாசிட்டிவா நெகட்டிவா, வேறெங்கும் பரவியிருக்கிறதா, இதுவரை என்னென்ன மருந்து ஏறியது. ஹெர்2 பெயரைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. டென்னிஸ் ஸ்லாமன் முதலியோரின் உழைப்பில் வந்த, ஹெர்2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசூமாப் மருந்தின் முக்கிய ஆய்வும் ஆள் கிடைக்காமல் திணறியது. கீமோவோடு மருந்து ஏறுகிறதா வெறும் திரவம் ஏறுகிறதா என்று தெரியாத ஏற்பாட்டை எடுத்துவிட்டு, நோயாளிகள் சங்கங்களும் கைகொடுத்தபின்தான் வேகம் பிடித்தது. 469 பெண்கள் சேர்ந்தார்கள். 1998 செப்டம்பரில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆய்வின் வடிவத்தையே மாற்றும் அளவுக்கு நோயாளிகளின் குரல் எடுபட்ட இடம் அது.

தகுதி விதி கடுமையாக இருக்கிறதே, தேதியை ஒரு வாரம் முன்னே பின்னே போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பி-06இலேயே மாண்ட்ரியல் மருத்துவர் ஒருவர் அப்படித் தேதிகளைத் திருத்தினார். 1994இல் அது வெளியே வந்தபோது மொத்த ஆய்வின்மீதும் சந்தேகம் விழுந்தது. அவர் சேர்த்தவர்களை விலக்கிக் கணக்கிட்டும் முடிவு மாறவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்றை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். ஆய்வில் சேர ஆய்வு மருந்துக்குப் பணம் கட்டு என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. படிவத்தின் கடைசிப் பக்கம்

ஒப்புதல் படிவத்தில் இருபது பக்கம் படித்துச் சம்மதித்தவர்கள்கூடக் கடைசிப் பக்கத்தில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் பெயர், வயது, முகவரி, கல்வி, தொழில், ஆண்டு வருமானம் எல்லாம் கேட்டிருக்கும். அதற்குக் கீழே ஒரு வரி: ஆய்வு தொடர்பான மரணம் நேர்ந்தால் இழப்பீடு பெற வேண்டிய நாமினியின் பெயர், உறவு. பேனா அங்கே நிற்கும். கணவர் மனைவியைப் பார்ப்பார். 'இதெதுக்கு சார்?' என்பார். பல இடங்களில் ஆய்வு உதவியாளர் 'சும்மா ஃபார்மாலிட்டி' என்று சொல்லிக் கடந்துபோவார். அதைவிட மோசமான பதில் கிடையாது.

அந்த வரி நோயாளியைப் பாதுகாக்க வந்தது. அதற்கு முன் நடந்தவை அப்படி. 1999–2000இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று வந்த 26 பேருக்கு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் வேதிப்பொருள் முறையான அனுமதிகள் இல்லாமல் செலுத்தப்பட்டது. 'சோதனை எலி' என்ற பயத்துக்கு வேர் இங்கேதான். அதை அறியாமை என்று தள்ளுவது அநியாயம். பின்னர் ஸ்வாஸ்திய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2013இல் விதிகள் இறுகின. 2019 மார்ச்சில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் வந்தன.

அதன்படி ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் வைத்தியம் இலவசம். நிரந்தரப் பாதிப்புக்கும் மரணத்துக்கும் இழப்பீடு உண்டு. இழப்பீட்டுச் சூத்திரத்தின் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். வயது கூடக் கூட, நோய் முற்ற முற்றத் தொகை குறையும். ஐம்பத்தைந்து வயது அம்மாவின் உயிருக்குக் கணக்கில் மதிப்புக் குறைவு என்பது எனக்கு உறுத்தல்தான். படிவத்தில் கேட்கும் ஆண்டு வருமானம் அந்தச் சூத்திரத்தில் எங்குமே வராது என்பது வேடிக்கை.

கையெழுத்திடுபவர் பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வைச் சாராத சாட்சி ஒருவர் விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை உடனிருக்க வேண்டும்; கடைசியில் வந்து கையெழுத்து மட்டும் போடுவது சாட்சியாகாது. காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான வைத்தியம் நிற்காது. போக்குவரத்துச் செலவைத் தரலாம் என்று வழிகாட்டு நெறிகள் இடம் கொடுக்கின்றன, கூச்சப்படாமல் கேளுங்கள். வைத்தியத்துக்கே ஊர்விட்டு ஊர் போய் அறை எடுத்துத் தங்கும் குடும்பத்துக்கு ஒரு கூடுதல் பயணம் என்பது ஒரு வாரக் கூலி.

'புது மருந்து கிடைக்காத பக்கம் விழுந்துட்டா எங்க கதி?' என்ற கேள்வி எப்போதும் வரும். அந்தப் பக்கம் விழுபவருக்கு இன்று கிடைக்கும் வழக்கமான வைத்தியம் முழுதாகக் கிடைக்கும். வெறும் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் ஆய்வை எந்தக் குழுவும் அனுமதிக்காது. போலி மாத்திரை இருந்தால் அது வழக்கமான வைத்தியத்தின் மேல் சேர்ப்பது. அதையும் படிவத்தில் சொல்லியிருக்க வேண்டும். புதியது என்பதாலேயே அது மேல் என்ற எண்ணம் மஜ்ஜை மாற்றுக் காலத்தில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை முன்பே சொன்னேன்.

6. மருத்துவமனைகளிடம் கேட்பது

பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் வாராவாரம் அறுவை, கீமோ, கதிர்வீச்சு மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளிக்கும் முடிவெடுக்கும் கூட்டம் உண்டு. ட்யூமர் போர்டு என்பார்கள். அதன் குறிப்பேட்டில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்கிறேன்: இவருக்குப் பொருந்தும் ஆய்வு இங்கோ வேறெங்கோ இருக்கிறதா, அவரிடம் கேட்டாயிற்றா, கேட்காவிட்டால் ஏன். மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல. ஒரு நாளில் நூறு பேரைப் பார்ப்பவருக்கு 'தெரியாது' என்று சொல்லி விளக்க அரை மணி நேரம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அந்தப் பத்தி காலியாகவே இருந்தால், விளக்குவதற்கென்று தமிழ் பேசும் ஓர் ஆய்வுச் செவிலியரை நியமிக்க நிர்வாகத்திடம் கேட்க அதுவே ஆதாரமாகும்.

இரண்டாவது கோரிக்கை பதிவேட்டுக்காரர்களுக்கு. சிடிஆர்ஐயில் ஒவ்வோர் ஆய்வுக்கும் இரண்டு தலைப்புகள் கேட்கிறார்கள்: ஒன்று அறிவியல் தலைப்பு, மற்றது பொதுமக்களுக்கான தலைப்பு. இரண்டாவதையும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். பாதி நேரம் முதல் தலைப்பையே வெட்டி ஒட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டில் ஆள் சேர்க்கும் ஆய்வுக்குத் தமிழ்த் தலைப்பும் இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். யாரும் புதிதாக மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தில் அது ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. எங்களைப் போன்ற குழுக்கள் அதைத் திருத்தி, இசைந்து, முத்திரையிட்டு அனுப்பியிருக்கின்றன.